ஒன்பது வயது மகளுக்கு ஆங்கில இலக்கணம்: அடுத்து எந்தத் தொடரை எடுப்பது?

மணல்வீடு எழுதியது

வணக்கம். வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவளுக்கு ஒன்பது வயது, சின்னவனுக்கு ஆறரை. வீட்டில் பேச்செல்லாம் தமிழ்தான். மூத்தவள் ஆங்கிலக் கதைப் புத்தகம் கிடைத்தால் சாப்பாட்டையும் மறப்பாள். போன வருடம் ஓர் இலக்கணத் தொடரை (பெயர் வேண்டாம், பலருக்கும் பிடித்த தொடர்) ஒரு பாடம் விடாமல் முடித்தோம். நௌன் என்றால் என்ன, ப்ரொநௌன் என்றால் என்ன என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாள்.

போன வாரம் அவளுடைய டைரியைக் காட்டினாள். அதில் இருந்தது இதுதான்: "யெஸ்டர்டே தம்பி ஹாஸ் பிரோக்கன் மை பென்சில். ஐ டிட் நாட் டோல்ட் அம்மா. தென் ரெய்ன் இஸ் கமிங்."

பென்சில் உடைந்த கதை இப்போதுதான் எனக்குத் தெரியும், அது வேறு விஷயம். ஒரு வருடம் உட்கார்ந்து படித்ததற்கு இதுதானா பலன் என்று கொஞ்சம் நொந்து போய்விட்டேன். அதே தொடரின் அடுத்த நிலைக்குப் போவதா, இல்லை வேறு ஒன்றுக்கு மாறுவதா? வாக்கியத்தைக் கோடு போட்டுப் பிரிக்கும் முறை நல்லது என்கிறார்கள். பத்து வயது வரை இலக்கணமே வேண்டாம் என்றும் சொல்கிறார்கள். யாரை நம்புவது?

தாழ்வாரம் எழுதியது

கோடு போடும் கட்சி நான்தான், தோழி. மூன்று பிள்ளைகளுக்கும் அதைத்தான் சொல்லிக் கொடுத்தேன். ரீட், கெல்லாக் என்ற இரண்டு ஆசிரியர்கள் 1877-ல் வெளியிட்ட பாடநூலில் பரப்பிய முறை அது. படுக்கையாக ஒரு கோடு. நடுவில் அதை வெட்டிக்கொண்டு ஒரு செங்குத்துக் கோடு. இடப்பக்கம் எழுவாய், வலப்பக்கம் வினை. செயப்படுபொருள் இருந்தால் வினைக்கு அப்புறம் இன்னொரு சின்னக் கோடு, அது அடிக்கோட்டைத் தாண்டாது. அட்ஜெக்டிவ் எல்லாம் அது எந்தச் சொல்லைச் சேர்ந்ததோ அதற்குக் கீழே சாய்வாகத் தொங்கும்.

என் நடுப்பையனுக்கு எழுதுவது என்றாலே வேப்பங்காய். ஆனால் இந்தக் கோடு விளையாட்டுக்கு மட்டும் தானாக வந்து உட்காருவான். ஒரு நாள் நீளமான வாக்கியம் ஒன்றைப் பிரித்துவிட்டு, "அம்மா, இதுக்கு வலப்பக்கம் ஆளே இல்ல" என்றான். வினையே இல்லாத அரைகுறை வாக்கியம் அது. நான் பத்து தடவை வாயால் சொல்லிப் புரியாதது கோட்டில் காலி இடமாகக் கண்ணில் பட்டுவிட்டது.

அதனால் என் யோசனை, அடுத்த நிலைக்கே போங்கள். ஜெஸ்ஸி வைஸ் எழுதிய ஃபர்ஸ்ட் லாங்குவேஜ் லெசன்ஸ் தொடரில் மூன்றாம் நிலையில் இருந்து இந்தக் கோடு வரைதல் வருகிறது. தாய் என்ன சொல்ல வேண்டும், பிள்ளை என்ன பதில் சொல்ல வேண்டும் என்று வரிக்கு வரி அதில் எழுதியிருக்கும். ஆங்கிலத்தில் தயக்கம் உள்ள பெற்றோருக்கு அது பெரிய தைரியம்.

ஒற்றைக்குயில் எழுதியது

மாற்றுக் கருத்து சொல்ல வந்தேன், யாரும் கோபிக்க வேண்டாம்.

ஒன்பது வயதுக்கு இலக்கணப் புத்தகமே அதிகம் என்பது என் எண்ணம். சார்லட் மேசன் (1842–1923) சொன்ன வழியில் போகிறோம். நல்ல உரைநடையில் இருந்து நாலு வரி பார்த்து எழுதுதல், பெரியவளுக்கு டிக்டேஷன், படித்ததைத் திருப்பிச் சொல்லுதல், அவ்வளவுதான். தமிழை இலக்கணம் படித்தா பேசக் கற்றோம்? காதில் விழ விழ வந்தது. ஆங்கிலமும் அப்படி வரட்டும். கொஞ்சம் பொறுங்கள்.

ஊஞ்சல் எழுதியது

குயில், தமிழ் நம் காதில் நாள் முழுக்க விழுந்தது. எங்கள் வீட்டில் ஆங்கிலம் விழுவது ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம், அதிலும் பாதி கார்ட்டூன்.

நாங்களும் இரண்டு வருடம் பார்த்து எழுதினோம். கையெழுத்து முத்து முத்தாக வந்தது. சொந்தமாகப் பாட்டிக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னால், "ஐ ஆம் ஹாவிங் டூ கேட்" என்று தொடங்கினான். பூனை இரண்டு, கேட் ஒன்று.

கரும்பலகை எழுதியது

பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவன். இப்போது பேத்திக்கு வீட்டில் பாடம் எடுக்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எந்தத் தொடர் என்ற கேள்விக்கு முன்னால் அந்த மூன்று வாக்கியங்களைப் பார்ப்போம். அம்மா அவர்கள் நொந்துகொள்ள அதில் ஒன்றும் இல்லை. குழந்தை தமிழில் ரொம்பச் சரியாக யோசித்திருக்கிறாள்.

முதல் வாக்கியம். "நேற்று தம்பி என் பென்சிலை உடைத்திருக்கிறான்." தமிழில் இது அப்பழுக்கில்லாத வாக்கியம். உடைத்ததை நேரில் பார்க்கவில்லை, உடைந்து கிடந்ததைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள் என்ற நுணுக்கம்கூட அந்த 'இருக்கிறான்' என்பதில் இருக்கிறது. நம் 'இருக்கிறான்' நேற்றோடும் சேரும், போன வருடத்தோடும் சேரும். ஆங்கிலத்தின் 'ஹாஸ் பிரோக்கன்' அப்படி இல்லை. யெஸ்டர்டே என்று முடிந்துபோன நேரத்தைச் சொன்ன நிமிடமே அது விலகிக்கொள்ளும், 'பிரோக்' வந்து உட்கார வேண்டும்.

இரண்டாவது, 'டிட் நாட் டோல்ட்'. இதை ஆங்கிலம் தாய்மொழியான குழந்தைகளும் சின்ன வயதில் சொல்வார்கள். இறந்தகாலம் 'டிட்'டிலேயே வந்துவிட்டது, மறுபடி வினையில் வேண்டாம். இரண்டு மாதப் பழக்கத்தில் போய்விடும்.

மூன்றாவது, 'ரெய்ன் இஸ் கமிங்'. மழை வருகிறது, வேறென்ன? ஆங்கிலத்துக்கு எழுவாய் இல்லாமல் வாக்கியம் நிற்காது. அதனால் மழை பெய்வதற்குக்கூட 'இட் இஸ் ரெய்னிங்' என்று 'இட்' என்ற ஓர் ஆளைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். நமக்குத் தோன்றா எழுவாய் பழக்கம். 'வந்தேன்' என்ற ஒரு சொல்லே முழு வாக்கியம். இந்த 'இட்' யார் என்று குழந்தை கேட்டால் நாம் விழிப்பது நியாயம்தான்.

இப்போது புத்தகத்துக்கு வருகிறேன். வீட்டுக்கல்விக்காரர்கள் பேசிக்கொள்ளும் இலக்கணத் தொடர்களில் பெரும்பாலானவை அமெரிக்காவில், வீட்டில் ஆங்கிலம் பேசும் பிள்ளைகளுக்காக எழுதப்பட்டவை. அந்தப் பிள்ளை 'ரெய்ன் இஸ் கமிங்' என்று எழுதவே எழுதாது. அதற்குத் தெரியாதது பெயர்கள். தனக்கு ஏற்கெனவே வாயில் வரும் வாக்கியத்தில் எது நௌன், எது வெர்ப் என்று பெயர் சூட்டக் கற்றுக்கொடுப்பதே அந்தத் தொடர்களின் வேலை. எ, அன், த மூன்றும் ஆர்ட்டிகிள் என்று அவை பட்டியல் போடும். எங்கே எது வரும் என்பதைக் காதே சொல்லிவிடும் என்ற நம்பிக்கையில் தாண்டிப் போய்விடும். நம் வீட்டுப் பிள்ளைக்கு வேண்டியது அந்தத் தாண்டிப் போன பக்கம்.

ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பவர்களுக்கு எழுதிய புத்தகங்கள் வேறு வகை. ரேமண்ட் மர்ஃபியின் இங்கிலீஷ் கிராமர் இன் யூஸ் (முதல் பதிப்பு 1985) பலர் வீட்டில் இருக்கும். இடப்பக்கம் விளக்கம், வலப்பக்கம் பயிற்சி. முதலில் இருந்து கடைசி வரை போக வேண்டியதில்லை, தடுமாறும் இடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். எங்கே தடுமாறுகிறோம் என்று கண்டுபிடிக்கப் பின்னால் ஒரு சோதனைப் பகுதியும் உண்டு. அதற்குக் கீழ்நிலை எசென்ஷியல் கிராமர் இன் யூஸ். இரண்டுமே பெரியவர்களை நினைத்து எழுதியவை, ஒன்பது வயதுக்கு நேராகக் கொடுத்தால் கொட்டாவி விடும். நீங்கள் படித்துவிட்டு அவளுக்குச் சொல்லலாம். குழந்தைகளுக்கென்றே வேண்டுமானால் ஆக்ஸ்ஃபோர்டின் கிராமர் ஃப்ரெண்ட்ஸ் போன்ற தொடர்களைப் பாருங்கள், ஆறு நிலைகளில் வருகிறது.

எதையும் வாங்குவதற்கு முன் இரண்டு வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். அவள் தானாக எழுதுவது எதையும் திருத்தாதீர்கள். பிழைகளைத் தனியாக ஒரு நோட்டில் குறித்து வகை பிரியுங்கள். புத்தகத்தின் பொருளடக்கத்தை அந்த நோட்டின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பொத்தான் எழுதியது

கரும்பலகை சார் சொன்னதை வழிமொழிகிறேன். நான் பிழைக் கணக்கை ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டேன். ஸ்பெல்லிங்கைச் சேர்க்காதீர்கள், அது எல்லாவற்றையும் மூழ்கடித்துவிடும்.

தாழ்வாரம் எழுதியது

சார், உங்கள் பதிவு நன்றாக இருந்தது. ஆனால் பெயர் சூட்டுவது வீண் என்பதுபோல் ஒலிக்கிறதே? எழுவாய் எது என்று தெரியாத பிள்ளைக்கு 'த பாக்ஸ் ஆஃப் புக்ஸ் இஸ்' என்பதில் ஏன் 'ஆர்' வரக் கூடாது என்று எப்படிச் சொல்வது? ஈஸி கிராமர் தொடர் இதற்காகவே ப்ரிபொசிஷனை முதலில் சொல்லிக் கொடுக்கும். 'ஆஃப் புக்ஸ்' மாதிரியான துண்டுகளை முதலில் அடித்துவிடு, மிச்சம் இருப்பதில் எழுவாயைத் தேடு என்கிற முறை. அடித்த பிறகு 'த பாக்ஸ் இஸ்' மட்டும் நிற்கும். எவ்வளவு எளிது!

கரும்பலகை எழுதியது

வீண் என்று சொல்லவில்லை, அம்மா. அது மட்டும் போதாது என்கிறேன். நீங்கள் சொன்ன அடிக்கும் வித்தையை நானும் வகுப்பில் செய்திருக்கிறேன்.

ஆனால் ஒன்று. இலக்கணம் படித்தால் எழுத்து மேம்படும் என்ற நம்பிக்கைக்கு ஆய்வில் பலமான ஆதாரம் கிடைக்கவில்லை. 1963-லேயே அமெரிக்காவில் பிராடக் முதலானோர் தொகுத்த அறிக்கை, இலக்கணத்தைத் தனிப் பாடமாக நடத்துவதால் எழுத்துக்குப் பலன் மிகக் குறைவு, கெடுதல்கூட இருக்கலாம் என்றது. 2007-ல் கிரஹாம், பெரின் இருவரும் நாலாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரையுள்ள மாணவர்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்தபோதும் தனி இலக்கணப் பாடத்தின் விளைவு எதிர்மறையாகவே வந்தது. அதே தொகுப்பில் வாக்கியங்களை இணைக்கும் பயிற்சிக்கு நல்ல பலன் தெரிந்தது. 'த டாக் வாஸ் வெட். த டாக் சாட் ஆன் த மேட்.' இரண்டையும் ஒன்றாக்கு என்று கொடுப்பது. 'த வெட் டாக் சாட் ஆன் த மேட்' என்றும் வரலாம், வேறு விதமாகவும் வரலாம். இதற்குப் புத்தகமே வேண்டாம்.

இந்த ஆய்வுகள் பெரும்பாலும் ஆங்கிலம் பேசும் நாடுகளின் பள்ளிகளில் நடந்தவை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம் பிள்ளைகளுக்கு அப்படியே பொருந்தும் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன்.

ஒற்றைக்குயில் எழுதியது

பார்த்தீர்களா, நான் சொன்னபோது யாரும் கேட்கவில்லை. :)

ஊஞ்சல் எழுதியது

குயிலுக்குப் பாதி மதிப்பெண்.

சார், ஒரு சந்தேகம். எங்கள் வீட்டில் பெரிய தலைவலி 'எ'யும் 'த'வும்தான். தமிழில் ஆர்ட்டிகிளே கிடையாது, அப்புறம் எதைச் சொல்லிப் புரியவைப்பது?

கரும்பலகை எழுதியது

அந்தச் சொற்கள் இல்லை, அந்த எண்ணம் இருக்கிறது. எல்லாப் பிள்ளைக்கும் தெரிந்த வரியில் இருந்து தொடங்குங்கள். "ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தார். அந்த ராஜாவுக்கு..." முதல் தடவை 'ஒரு', அறிமுகம் ஆன பிறகு 'அந்த'. 'எ கிங்', அப்புறம் 'த கிங்'. பேத்தி இதை ஒரே நாளில் பிடித்துக்கொண்டாள்.

இன்னொன்று, இரண்டாம் வேற்றுமை. 'புத்தகம் வாங்கினேன்' என்றால் ஏதோ ஒரு புத்தகம். 'புத்தகத்தை வாங்கினேன்' என்றால் உனக்கும் எனக்கும் தெரிந்த அந்தப் புத்தகம். அந்த ஐ உருபு 'த' செய்யும் வேலையில் ஒரு பகுதியைச் செய்கிறது. "ஐ போட்டுச் சொன்னாயா, போடாமல் சொன்னாயா?" என்று கேட்டால் போதும், அவளே திருத்திக்கொள்வாள்.

ஊஞ்சல் எழுதியது

அருமை சார். ஆனால் 'நாயைப் பார்த்தேன்' என்றால்? எந்த நாயாக இருந்தாலும் 'நாயை'தானே?

கரும்பலகை எழுதியது

மாட்டிக்கொண்டேன். உயிருள்ளவற்றுக்கு ஐ பெரும்பாலும் வந்தே தீரும். 'ஒரு புத்தகத்தை எடுத்தேன்' என்பதும் சரியான தமிழ்தான், அங்கே 'எ புக்' என்றே வரும். 'த சன்' என்பதை 'அந்தச் சூரியன்' என்று நாம் சொல்வதும் இல்லை. ஆக இது ஏணிதான், மாடி இல்லை. ஏறியதும் எடுத்துவிட வேண்டும்.

எண்ணுக்கும் இதே கதை. 'பத்து புத்தகம்' என்று தமிழில் சொன்னால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள், பத்து என்பதிலேயே பன்மை வந்துவிட்டது. ஆங்கிலம் எஸ் போடாமல் விடாது. உங்கள் பையனின் இரண்டு பூனைக்கும் ஒரு கேட்டுக்கும் அதுதான் காரணம். 'ஹாவிங்' வேறு கதை, உடைமையைச் சொல்லும் 'ஹாவ்' அந்த ஐஎன்ஜியை ஏற்காது.

பொத்தான் எழுதியது

ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகத்தை இதுவரை யாரும் சொல்லவில்லை என்பது ஆச்சரியம்.

தாழ்வாரம் எழுதியது

பன்னிரண்டு வயதுக்கு மேல் எடுக்கலாம். அதற்கு முன்னால் கொடுத்தால் பிள்ளை நம்மை மன்னிக்காது.

இன்னொரு விஷயம், மணல்வீடு. வாங்கும் முன் மாதிரிப் பக்கங்களைக் கட்டாயம் பாருங்கள். சில தொடர்கள் சமயப் பதிப்பகங்களுடையவை. உதாரணமாக ராட் அண்ட் ஸ்டாஃப் மெனோனைட் கிறிஸ்தவர்களின் பதிப்பகம். இலக்கணம் முழுமையாக இருக்கும், எடுத்துக்காட்டு வாக்கியங்களில் விவிலியமும் நிறைய வரும். சிலருக்கு அதுவே வேண்டும், சிலருக்கு வேண்டாம். வாங்கிய பிறகு தெரிந்து என்ன பயன்?

மணல்வீடு எழுதியது

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் நன்றி.

நோட்டுப் போட்டேன். திருத்தாமல் இருப்பதுதான் கஷ்டமாக இருந்தது, கை பரபரத்தது. ஸ்பெல்லிங்கை விட்டுவிட்டுப் பார்த்தால் பாதிக்கு மேல் ஆர்ட்டிகிள் பிழை. அடுத்து டென்ஸ். அதிலும் முக்கால்வாசி அந்த 'ஹாஸ்', 'ஹாவ்' விவகாரம். அப்புறம் 'டெல் மீ வேர் இஸ் இட்' மாதிரி, வாக்கியத்துக்குள் வரும் கேள்வியில் சொல் முன்பின்னாக மாறுவது. எது நௌன், எது வெர்ப் என்று தெரியாததால் வந்த பிழை என்று தேடித் தேடிப் பார்த்தேன், ஒன்றுகூட இல்லை. போன வருடத் தொடரின் அடுத்த நிலைப் பொருளடக்கத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஆர்ட்டிகிளுக்கு ஒரே ஒரு பாடம், அதுவும் மறுபார்வை.

அதனால் முடிவு செய்துவிட்டேன். இரண்டாம் மொழிக்காரர்களுக்கான குழந்தைத் தொடரில் அவளுக்குத் தேவையான அத்தியாயங்கள் மட்டும், வாரம் மூன்று நாள், இருபது நிமிடம். தினமும் இரண்டு வாக்கியங்களை இணைத்தல். குயில் சொன்ன டிக்டேஷனையும் விடவில்லை, வெள்ளிக்கிழமை ஒரு பத்தி. ஆனால் அதில் எழுதி முடித்ததும் ஒவ்வொரு 'த'வையும் வட்டமிட்டு ஏன் வந்தது என்று அவள் சொல்ல வேண்டும். சின்னவனுக்கு இப்போதைக்கு ஒன்றும் இல்லை, கதை மட்டும்.

கோடு வரைவதையும் ஆசைக்கு ஒரு நாள் செய்தோம். தாழ்வாரம் அக்கா சொன்னது உண்மைதான், அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஆங்கில வாக்கியங்கள் தீர்ந்ததும் தானாகவே தமிழுக்குப் போனாள். 'தம்பி பென்சிலை உடைத்தான்' கச்சிதமாக உட்கார்ந்தது. அடுத்து 'எனக்குப் பசிக்கிறது' என்று எழுதிவிட்டு, கோட்டின் இடப்பக்கத்தைக் காட்டி, "இங்க யாரும்மா?" என்றாள். 'எனக்கு' என்பது நாலாம் வேற்றுமை, எழுவாய் ஆகாது. அப்படியானால் பசிப்பது யார்? நானும் கால் மணி நேரம் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தாழ்வாரம் எழுதியது

அய்யோ, என்னிடம் கேட்காதீர்கள். சார்?

கரும்பலகை எழுதியது

அவளுக்கு ஒன்பது வயதுதானே? இடப்பக்கத்தைக் காலியாகவே விடச் சொல்லுங்கள். ஆங்கிலக்காரன் அந்த இடத்தில்தான் 'ஐ' என்று தன்னைக் கொண்டுபோய் வைத்து 'ஐ ஆம் ஹங்ரி' என்கிறான் என்று மட்டும் சொல்லுங்கள். 'டு மீ' என்று அவள் இனி எழுத மாட்டாள்.

ஊஞ்சல் எழுதியது

மணல்வீடு, அந்தத் தொடரில் விடைகள் புத்தகத்துக்குள்ளேயே இருக்கிறதா, தனியாக வாங்க வேண்டுமா? என் பையன் பின் அட்டையில் இருந்துதான் படிக்கத் தொடங்குவான்.